தந்தக் கூடம்

தள்ளாதீர்கள் அம்மா, இழுங்கள். கதவின் பித்தளைத் தகட்டில் ‘தள்ளவும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பது உண்மைதான். நூற்றைம்பது வருடமாக அப்படித்தான் பொறித்திருக்கிறது. நூற்றைம்பது வருடமாக இழுத்தால்தான் திறக்கிறது. ஒன்று கதவை மாற்ற வேண்டும், இல்லை தகட்டை மாற்ற வேண்டும். இரண்டையும் செய்ய மாட்டார்கள். அதற்கு இங்கே பாரம்பரியம் என்று பெயர்.

மெதுவாக வாருங்கள். உங்கள் பெண் நுழைவுத் தேர்வு எழுதி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பிரின்சிபால் திருமதி கோஷி தொலைபேசியில் இருக்கிறார். எடுத்த தொலைபேசியை அவர் வைத்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் ஆபீஸ் ஸ்டெல்லா என்னைப் பிடித்தாள். “கொழுந்து சார், நீங்க சும்மாதானே இருக்கீங்க, மேடத்துக்கு கேம்பஸைச் சுத்திக் காட்டிட்டு வந்துடுங்களேன்.” கேட்டீர்கள் அல்லவா? முப்பத்து மூன்று வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் இங்கே சும்மா இருக்கிறவன். என் முழுப்பெயர் திருமலைக்கொழுந்து. தென்காசிப் பக்கம் அது கோயில் பெயர், கௌரவமான பெயர். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இந்தப் பெயரோடு வந்து இறங்கிய முதல் நாளே சமையற்கட்டில் ஒருவன், “கிலோ என்ன விலைங்க?” என்றான்.

கன்னத்தில் கை வைத்துக்கொண்டே பேசுகிறேனே என்று பார்க்காதீர்கள். கவலை ஒன்றும் இல்லை, கடைவாய்ப் பல். கிராம்பு வைத்திருக்கிறேன். பதினொன்றரைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதுவரை உங்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன். கையில் இருக்கும் அந்தப் பளபளப்புப் புத்தகத்தை மூடிவிடுங்கள். அதில் இருப்பதெல்லாம் புகைப்படம்.

காரில்தானே வந்தீர்கள்? பஸ்ஸில் வந்திருந்தால் இந்தப் பள்ளியின் சரியான பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஏட்டில் கிளென்ஹாரோ. கண்டக்டர்கள் “கிழநரி எல்லாம் இறங்கு” என்பார்கள். எனக்கென்னவோ அதுதான் பொருத்தம். நிறுவியவர் மெக்ராரி என்று ஒரு காப்பித் தோட்டத் துரை. செடியில் நோய் விழுந்து தோட்டம் பட்டுப்போனது. செடியை வளர்க்கத் தெரியாத மனுஷன், சரி, பிள்ளைகளை வளர்ப்போம் என்று கிளம்பினார்.

கோபுரத்துக் கடிகாரத்தை நம்பி எதையும் செய்யாதீர்கள். பதினொரு நிமிடம் பிந்தி ஓடும். பழுது இல்லை, அம்மா. துரையின் சட்டைப்பைக் கடிகாரம் பதினொரு நிமிடம் மெதுவாம். அவர் வைத்ததுதான் நேரம். மணி அடிப்பது, சோறு போடுவது, உங்கள் பெண் எழுதுகிற தேர்வு, எல்லாம் துரை நேரம். அவர் செத்து நூற்றுப் பத்து வருடம் ஆகிறது. இன்னும் தினம் பதினொரு நிமிடம் அவருக்காகக் காத்திருக்கிறோம்.

இது நீச்சல் குளம். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? ‘தென்னாட்டின் முதல் பள்ளி நீச்சல் குளங்களில் ஒன்று.’ முதல் என்றால் ஒன்றுதானே அம்மா? முதல்களில் ஒன்று என்றால் மற்ற முதல்கள் எத்தனை? இதை நான் எழுதிக் கேட்டேன். “நல்ல கேள்வி சார்” என்று பதில் வந்தது. தண்ணீரில் விரலை வைத்துப் பாருங்கள். வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் மனிதன் இறங்குகிற சூடு இருக்கும். ஏப்ரல், மேயில் பள்ளி விடுமுறை.

அந்த வெள்ளைக் கூண்டுக்குள் தொலைநோக்கி. ஒரு முன்னாள் மாணவர் ஜெர்மனியிலிருந்து தருவித்துக் கொடுத்தார். இந்த மலையில் ஒன்பது மாதம் மேகம். ஒரே ஒரு தடவை பிள்ளைகள் அதில் எதையோ தெளிவாகப் பார்த்தார்கள் என்று கேள்வி. அது எதிர் மலையில் யாரோ பல் தேய்த்துக்கொண்டிருந்தது.

குதிரை லாயம். உங்கள் பெண்ணுக்குக் குதிரை ஏறத் தெரியுமா? கவலைப்படாதீர்கள், இந்தக் குதிரைகளுக்கும் ஏற்றிக்கொள்ளத் தெரியாது. இரண்டு இருக்கின்றன. அவன் டியூக். இவள் டச்சஸ். இவளும் அவன்தான், பெயர் வைத்தவர் குனிந்து பார்க்கவில்லை. இப்போது லாயத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள். ஆளுக்கு ஒரு அறை. அறைக்கு ஒரு ஜன்னல். கிழக்கே பார்த்த ஜன்னல், காலை வெயில் நேராக முகத்தில் விழும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்துப் போகிற இடத்தில் வேண்டியிருக்கும்.

தலையைக் குனிந்து வாருங்கள், நிலை தாழ்வு. இதுதான் பூட்ஸ் அறை.

துரை காலத்தில் பையன்கள் சவாரி முடித்து வந்து பூட்ஸைக் கழற்றிப் போட்ட அறை. மோந்து பாருங்கள். நூறு வருடம் ஆனாலும் கால் நாற்றம் போகாது. ஜன்னல் இல்லை. கரும்பலகை இல்லை, மாட்டச் சுவர் இல்லை. சுவர் முழுக்கப் பித்தளைக் கொக்கிகள். ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை எண் போட்டது. ஒரு கொக்கியைக் கழற்ற வேண்டுமானாலும் நிர்வாகக் குழு கூட வேண்டும். இங்கேதான் அம்மா, கிளென்ஹாரோவில் தமிழ் நடக்கிறது. முப்பத்து மூன்று வருடமாக. குதிரைக்குக் கிழக்கு ஜன்னல், தமிழுக்குக் குதிரைக்காரன் பூட்ஸ்.

ஐந்து பிரின்சிபால்களிடம் எழுதிக் கொடுத்தேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம், ஒரு விண்ணப்பம். தமிழுக்கு ஒரு அறை வேண்டும். ஜன்னல் உள்ள அறை. வேறொன்றும் கேட்கவில்லை. “நம் பள்ளியில் தமிழுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு” என்று பதில் வரும். உண்டு என்பது தெரியும், எங்கே என்றுதானே கேட்கிறேன்? அடுத்த மே மாதம் ஓய்வு. அதற்குள் ஒரு நாளாவது வெளிச்சத்தில் நின்று பாடம் நடத்திவிட வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை.

அவையா? அவை அட்டைகள். க், ச், த், ப். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் நடுவே வந்து நிற்கும் ஒற்றுகள். கரும்பலகை இல்லாத கொடுமைக்கு நான் கண்டுபிடித்த வழி. ஒரு கொக்கியில் ‘புலி’ என்று தொங்கும், ஒன்று விட்டு அடுத்த கொக்கியில் ‘குட்டி’ என்று தொங்கும். பிள்ளைகள் ஓடிப்போய் நடுக்கொக்கியில் எந்த ஒற்று வருமோ அதை மாட்ட வேண்டும். புலிக்குட்டி. ஒரு க் அட்டைக்காக இருபது பிள்ளைகள் முட்டி மோதுவதைப் பார்க்க வேண்டுமே. பக்கத்து வகுப்பு பிரெஞ்சு. அந்தப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்க்கும். மானக்கேடு. ஒழுங்கான அறை இருந்திருந்தால் சூத்திரத்தை எழுதிப் போட்டு, எல்லாரையும் உட்கார வைத்து, அமைதியாக நடத்தியிருப்பேன்.

எனக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘ஒற்றர்’. பயம்தான், வேறென்ன. வகுப்புக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். யாராவது நடுவில் நின்று, போடலாமா வேண்டாமா என்று முழித்தால் நான் கத்துவேன்: “சந்தேகமா?” மொத்த வகுப்பும் கத்தும்: “மாட்டு!” ஒற்றை விடுவதுதான் இந்த நாட்டைப் பிடித்த நோய், அம்மா. கடைப் பலகையைப் பாருங்கள், கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். விட்டால் மொழி செத்தது. கூட ஒன்று போட்டு யாரும் செத்ததாக நான் கேள்விப்படவில்லை. அதனால் சந்தேகமா, மாட்டு.

மயில்வாகனன் என்று ஒரு பையன், தொண்ணூற்றெட்டாம் வருடத்து வகுப்பு. இந்தப் பள்ளி அந்தப் பெயரை நறுக்கி ‘மைல்ஸ்’ ஆக்கி வைத்திருந்தது. மயிலையும் கொன்று, வாகனத்தையும் பறித்து, வெறும் மைல்கல்லை விட்டுவைத்தார்கள். தமிழில் முப்பத்தெட்டு தாண்ட மாட்டான். ஆனால் க் அட்டைக்கு முதலில் ஓடுகிறவன் அவன்தான். எங்கே வேண்டுமானாலும் மாட்டுவான். என் தலையில் கூட மாட்டியிருப்பான். இப்போது கோயம்புத்தூரில் பெரிய பல் டாக்டர். பாதி ஊர் அவன் முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் பழைய மாணவர் கூட்டத்தில் அவன் மேடையில் ஏறினான். “நம்ம பேட்ச் சார்பா ஸ்குவாஷ் கோர்ட் கட்டலாம்னு பேசிட்டிருக்கீங்க. தமிழ் ஐயா இன்னும் பூட்ஸ் ரூம்லதான் இருக்காரு. வெக்கமா இல்லையாடா நமக்கு?” என்றான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ‘பேட்ச் சார்பா’ என்கிற இடத்தில் ச் விட்டுவிட்டானோ என்று ஒரு கணம் யோசித்தேன், இல்லை, சரிதான்.

கட்டினார்கள். வாருங்கள், அந்தப் பக்கம்தான் போகிறோம். தேவாலயத்துக்குப் பின்னால், சரிவில். தெற்கே நான்கு ஜன்னல். முப்பது மேசை. சுவர் அகலத்துக்குக் கரும்பலகை. வாசலில் பதிக்க ஒரு கல் வேண்டும், வாசகம் எழுதித் தாருங்கள் என்று திருமதி கோஷியே கேட்டார். ஒரு வாரம் யோசித்தேன். ஆடம்பரம் இல்லாமல் நான்கே நான்கு சொற்கள் எழுதிக் கொடுத்தேன். ‘பழைய மாணவர் தந்த கூடம்.’

திறப்பு விழா. பொங்கலுக்கு முந்திய வாரம். பிஷப் வந்து நாடாவை இழுத்தார், திரை விலகியது. கருங்கல்லில் தங்க எழுத்து. ‘பழைய மாணவர் தந்தக் கூடம்.’

கேட்டீர்களா? தந்தக் கூடம். நடுவில் ஒரு க்!

எல்லாரும் கை தட்டுகிறார்கள். திருமதி கோஷி என் காதருகே வந்து, “ப்யூட்டிஃபுல் அல்லே, கொழுந்து சார்?” என்கிறார். தந்த என்பது பெயரெச்சம், அம்மா. பெயரெச்சத்துக்குப் பின்னால் வல்லினம் மிகாது. ஈறு கெட்ட எதிர்மறையாக இருந்தால் மிகும், ‘ஓடாக் குதிரை’, அந்த லாயத்தில் இருப்பது மாதிரி. இங்கே என்ன எதிர்மறை? க் வந்தால் அது தந்தம் ஆகிவிடும். யானைத் தந்தம். பழைய மாணவர்கள் எல்லாரும் யானையா? இதை நான் அங்கேயே மேடையில் ஏறிச் சொன்னேன். இருபது நிமிடம்தான் பேசினேன். பிஷப் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

இறங்கி வந்தேன். மயில்வாகனன் எதிரே வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. “ஐயா, நான்தாங்க சேர்த்தேன். நீங்க அவசரத்துல எழுதிக் கொடுத்ததுல க் விட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டேன். கல்லுல தப்பா வந்துட்டா உங்களுக்குத்தானே கெட்ட பேரு. ராத்திரி பூரா யோசிச்சேன் ஐயா. சந்தேகமா மாட்டுன்னு நீங்கதானே...”

பார்த்தீர்களா? செய்வதையும் செய்துவிட்டுப் பழியை என் மேல் போடுகிறான். அவசரத்தில் நான் எழுதுவேனாம். முப்பத்தெட்டு மார்க் வாங்கியவன் என்னைத் திருத்துகிறான்! அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன்: “அந்த க் அங்கே பிழையாக நிற்கிறவரை என் கால் இந்தக் கூடத்துக்குள் வராது.”

அவன் உடனே, “வேற கல்லு அடுத்த வாரமே கொண்டு வர்றேன் ஐயா” என்றான். வந்திருக்கும். திருமதி கோஷி விடவில்லை. “திறந்து வெச்ச கல்லை மாத்தற வழக்கம் கிளென்ஹாரோல இல்லை சார். இட்ஸ் ஹெரிடேஜ் நவ்.” திறந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கல் செதுக்கியவன் அந்த எழுத்தை மக்குப் பசை வைத்து அடைத்துவிடலாம் என்றான். அடைத்தால் அடைத்த இடத்தில் ஒரு க் இருந்தது என்று ஊருக்கே தெரியும். ஸ்டெல்லா ஒரு பூந்தொட்டியை க் மேல் தொங்கவிடலாம் என்றாள். அப்படியே ஒரு வருடம் கூடம் பூட்டிக் கிடந்தது. நான் பூட்ஸ் அறையிலேயே நடத்தினேன். நீங்கள் சொல்வீர்கள், ஒரு எழுத்துக்காகவா என்று. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஒரு எழுத்துதானே என்று விட்டுக்கொடுத்துக் கொடுத்துத்தான் அம்மா, கடைசியில் பூட்ஸ் அறைக்கு வந்து சேர்ந்தோம்.

பிறகு அங்கே உடற்பயிற்சிக் கூடம் வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இது ஆசிரியர்களின் தொப்பைக்கு. அப்போதுதான் மயில்வாகனன் திரும்ப வந்தான். வேன் நிறைய ஒரு பல் நாற்காலி, விளக்கு, சாமான்கள். பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை இலவசமாகப் பல் பார்க்கிறேன், இந்தக் கூடத்தைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். என்னிடமும் வந்தான். “ஜிம் வந்துட்டா இந்த ரூம் திரும்பவும் கிடைக்காது ஐயா. நான் ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேன். மாசத்துல ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் நீங்க வகுப்பு வெச்சுக்கலாம். நாற்காலிக்கு அடியில சக்கரம் கூட வெச்சிருக்கேன், தள்ளிடலாம்.”

தைரியத்தைப் பாருங்கள். தமிழுக்கென்று கட்டிய இடத்தில் இவன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்கு வாடகைக்கு விடுவது போலப் பேசுகிறான். முகம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் வருகிறான். பூட்ஸ் அறை வாசலில் வந்து நின்று, “வணக்கம் ஐயா” என்கிறான். நான் தலையை ஆட்டுவேன். ஒரு வருடம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்.

இதோ வந்துவிட்டோம். வாசிக்க முடிகிறதா? வெயில் பட்டால் எழுத்து மினுங்கும்.

என் கைக்கடிகாரத்தில் பதினொன்றரை. கோபுரத்தில் பதினொன்று பத்தொன்பதுதான் ஆகிறது. இன்று ஒரு நாள் துரை நேரத்துக்கு மரியாதை கொடுப்போம். பதினொரு நிமிடம் இருக்கிறது.

ஆமாம் அம்மா, என் வேலை இங்கேதான். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. கீழே டவுனில் இருக்கிற பல் டாக்டர் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். கிராம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

என் சபதமா? கேட்பீர்கள் என்று தெரியும். சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை நான். நேற்று விடியற்காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. தந்தம் என்றால் யானைக்கு மட்டும் உள்ளது இல்லை. வடமொழியில் தந்தம் என்றாலே பல்தான். தந்த வைத்தியம், தந்த சுத்தி என்பதெல்லாம் நாமும் சொன்னதுதான். சரி. தந்தம், கூடம். மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தால் என்ன? தந்தக் கூடம். பல் கூடம். பழைய மாணவர் ஒருவர் நடத்தும் பல் கூடம். இப்போது கல்லை வாசியுங்கள்.

துளிப் பிழை இல்லை. க் இருந்தே ஆக வேண்டும். எடுத்தால்தான் தப்பு. நான் என்ன சொன்னேன்? ‘பிழையாக நிற்கிறவரை’ என்றேன். நான் அவசரத்தில் பேசுகிறவன் இல்லை. ஆகவே கால் உள்ளே போகலாம்.

வகுப்பும் போகலாமே என்கிறீர்களா? அதெப்படி? கல் பல்லுக்குச் சரி என்றால் தமிழுக்குத் தப்பு என்றுதானே அர்த்தம். தவிரவும் இங்கே கொக்கி இல்லாமல் பிள்ளைகள் எதில் மாட்டும்?

எங்கே? ஓ, அதுவா. கரும்பலகைக்குப் பக்கத்தில். திறப்பு விழா அன்றே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய பித்தளைக் கொக்கியாகத் தேடி வாங்கி, பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாக அடித்திருக்கிறான். வீண் செலவு. வெள்ளைக் கோட்டு மாட்டத்தான் இருக்கும். கோட்டுக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று.

நான்கா? நான்குதான். நான்காவது எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதோ, பார்த்துவிட்டான். “ஐயா! வந்துட்டீங்களா? வாங்க, வாங்க. படி இருக்குது, பார்த்துக் காலை வைங்க. எந்தப் பல்லுங்க ஐயா? அழுத்திப் பார்த்துட்டுச் சொல்றேன். சந்தேகம்னா எடுக்க வேண்டாம், விட்டுடலாம்.”

விட்டுவிடலாமாம். நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றாவது நினைவிருக்கிறதா பாருங்கள்.

நீங்கள் அந்தப் பாதையிலேயே நேராகப் போங்கள், தேர்வு முடியும் நேரம். உங்கள் பெண் இங்கே சேர்ந்தால் தமிழ் எடுக்கச் சொல்லுங்கள். அறை எது என்று மட்டும்... ஜூனில் வந்து ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று அம்மா. கல்லில் பிழை இல்லை என்று நான் சொன்னது உங்களோடு இருக்கட்டும். அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.